போன் சென்சார் கொஞ்சம் தப்பாகக் காட்டினால் பரவாயில்லையா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு நடுவே, "சென்சார் தப்பா காட்டுது, கொஞ்சம் பாருங்க" என்று வருகிறவர்களும் உண்டு. பார்த்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு போன்ல மொத்தம் என்னென்ன சென்சார் இருக்கு?

அசைவையும் சாய்வையும் அறிய ஆக்சலரோமீட்டர், திரும்புவதை அறிய கைரோஸ்கோப், திசைக்குக் காந்த சென்சார், வெளிச்சத்துக்கு ஒன்று, பேசும்போது காது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. கொஞ்சம் விலை கூடிய போன்களில் காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டரும் இருக்கும். ஜிபிஎஸ் ரிசீவர், மைக், கேமரா ஆகியவற்றையும் அளவெடுக்கப் பயன்படுத்துவதால் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக்சலரோமீட்டர் என்பது சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு எடைக்கட்டி ஒன்று. அது மெல்லிய கம்பிச் சுருள் போன்ற தாங்கிகளில் தொங்குகிறது. போன் அசைந்தால் அது நகரும்; நகர்ந்த தூரத்தை மின்சார அளவாக மாற்றிப் படிக்கிறார்கள். போர்டில் சால்டர் செய்யும் சூடு, போன் சூடாவது, பழசாவது எல்லாமே அதன் பூஜ்ஜியத்தைக் கொஞ்சம் நகர்த்தும். துளியும் பிழை இல்லாத சென்சார் எந்த விலைப் போனிலும் கிடையாது.

டெஸ்ட் ஆப்ல பார்த்தேன். மேசை மேல சும்மா வெச்சிருக்கும்போதே 9.78னு காட்டுது. ஸ்கூல்ல 9.81னு படிச்சோமே, சென்சார் போச்சா?

போகவில்லை. உங்கள் போன் சரியாகச் சொல்கிறது, அவ்வளவுதான். அசையாமல் இருக்கும் போனில் ஆக்சலரோமீட்டர் காட்டுவது புவியீர்ப்பு முடுக்கத்தை; அது எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்காது. பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறையும். சென்னையின் அட்சரேகைக்கு வரும் அளவு சுமார் 9.78. பள்ளிப் புத்தகத்தின் 9.81 பூமி முழுவதற்குமான சராசரி மாதிரி வைத்துக்கொண்ட எண்.

ஆனால் இதை வைத்து "என் போன் ரொம்ப துல்லியம்" என்றும் முடிவு செய்ய வேண்டாம். பக்கத்து மேசையில் இருக்கும் போன் 9.70 காட்டலாம், இன்னொன்று 9.90 காட்டலாம். இரண்டுமே நல்ல போன்கள்தான்.

சரி, எவ்வளவு வரைக்கும் சின்னப் பிழைன்னு விட்டுடலாம்?

போனைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் என்ன வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். காய்கறி நிறுக்கும் தராசு நல்ல தராசுதான், அதில் யாரும் தங்கம் நிறுப்பதில்லை. மேலே சொன்ன 9.70 போனில் திரை தானாகத் திரும்பும், கேம் ஓடும், அடி எண்ணும். அந்த வேலைகளுக்கு அந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை. அதே போனை வைத்து டைல்ஸ் மட்டம் பார்த்தால் வம்பு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில பிழைகள் எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவில் இருக்கும். அவற்றைத் தெரிந்துகொண்டு கழித்துவிடலாம், அல்லது நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட்டால் தானே கழிந்துவிடும். வேறு சில பிழைகள் நிமிடத்துக்கு நிமிடம் அலையும். தொந்தரவு தருபவை இவைதான். கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டில் எது என்று பார்ப்பதுதான்.

தினம் 10,000 அடி நடக்கிறேன். போன் உண்மையாத்தான் எண்ணுதா?

ஓரளவு நன்றாகவே எண்ணுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 14 பேரை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, கண்ணால் எண்ணிய அடிகளோடு ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்ட முடிவில், போன் ஆப்களின் சராசரிப் பிழை மேலேயும் கீழேயும் 7 சதவீதத்துக்குள் இருந்தது. கையில் கட்டிய பட்டைகளில் ஒன்று 20 சதவீதத்துக்கும் மேல் குறைத்து எண்ணியது. 10,000 அடிக்கு 600, 700 அடி முன்னே பின்னே என்றால், அதற்காக யாருடைய சர்க்கரையும் ஏறிவிடாது. அந்த 10,000 என்ற இலக்கே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோடு பரவிய எண். மருத்துவர்கள் ஆராய்ந்து குறித்த எல்லைக்கோடு என்று நினைத்து, 9,800-ல் நின்றால் ராத்திரி ஹாலில் சுற்றி நிரப்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

போனை எங்கே வைக்கிறீர்கள் என்பது சென்சாரின் பிழையைவிட அதிகம் பாதிக்கும். சட்டைப் பையில் ஒரு மாதிரி, கைப்பையில் ஒரு மாதிரி. தள்ளுவண்டியையோ குழந்தை வண்டியையோ பிடித்துக்கொண்டு நடந்தால், அந்தக் கையில் இருக்கும் போன் அல்லது வாட்ச் பாதி அடிகளை விட்டுவிடும். எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட அது போதும்.

பைக்ல போனா கூட அடி ஏறுதே?

நடையின் தாளம் நொடிக்குச் சுமார் இரண்டு அடி. அந்தத் தாளத்தில் ஆட்டம் வந்தால் நடை என்று எண்ணிக்கொள்ளும். குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகப் போகும் வண்டி எப்போதாவது அந்தத் தாளத்தைப் பிடித்துவிடும். ரோட்டைத்தான் திட்ட வேண்டும்.

பைக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் ஓட்டுவது, கேமராவின் ஆட்டம் தணிக்கும் அமைப்பைக் கெடுக்கக்கூடும். அதிகத் திறனுள்ள மோட்டார்சைக்கிள் இன்ஜின் அதிர்வு பற்றி ஆப்பிள் நிறுவனமே 2021-ல் இப்படி எச்சரித்தது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்குங்கள்.

மேப்ல நான் நிக்கிற இடம் எதிர் வீட்டுல காட்டுது. ஜிபிஎஸ் கெட்டுப் போச்சா?

வானம் நன்றாகத் தெரியும் வெட்டவெளியில் சாதாரண போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். தெருவே 6 மீட்டர் அகலம் என்றால் எதிர் வீடு ஒன்றும் தூரமில்லை. செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வர ஆன நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 சென்டிமீட்டர் போய்விடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை 20, 30 மீட்டர் வரை கூடப் போகும்.

நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று வரும், கவனித்திருப்பீர்கள். "நீங்கள் இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்று போன் சொல்லும் வழி அது. அதுவும் முழு உத்தரவாதம் இல்லை: ஆண்ட்ராய்டு கணக்குப்படி நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்புதான். மூன்று தடவையில் ஒரு தடவை வெளியே இருக்கலாம்.

ஆட்டோ கூப்பிடவும் கடை தேடவும் இது தாராளமாகப் போதும். இரண்டு சாலைகள் ஒட்டிப் போகும் இடத்தில்தான் சிக்கல். கத்திப்பாரா மாதிரி இடங்களில் நீங்கள் பாலத்தின் மேலா, கீழே சர்வீஸ் சாலையிலா என்று அதற்குத் தெரியாமல் திரும்பச் சொல்லிவிடும். அங்கே பலகையைப் பார்த்துப் போங்கள். டெலிவரிக்கு முகவரி கொடுக்கும்போது, புள்ளியை விரலால் இழுத்து உங்கள் வாசலில் வைத்துவிடுங்கள். அது போனின் பிழையை ஒரேயடியாகத் தீர்த்துவிடும்.

கிரவுண்ட்ல பத்து ரவுண்டு ஓடினா நாலு கிலோமீட்டர் வரணும். ஆப் 4.3 காட்டுது. ஏன்?

மேலே சொன்ன அலையும் பிழைதான். நீங்கள் நேராகப் போனாலும் போன் பதிவு செய்யும் புள்ளிகள் இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி விழும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் வளைந்து நெளிந்த கோடு வரும். அது நேர்க்கோட்டைவிட நீளமாகத்தான் இருக்கும். மெதுவாக நடந்தால் இந்தக் கூடுதல் இன்னும் அதிகம். அளவு தெரிந்த 400 மீட்டர் தடத்தில் உள்கோட்டில் ஓடிப் பாருங்கள், உங்கள் ஆப் எவ்வளவு கூட்டுகிறது என்று தெரிந்துவிடும். மாரத்தான் பயிற்சி எடுப்பவர்களுக்கு இது அவசியம். தொப்பை குறைக்க ஓடுகிறவர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

வாஸ்து பார்க்க போன் காம்பஸ் நம்பலாமா? ஹால்ல ஒரு திசை, மாடியில ஒரு திசை காட்டுது.

வாஸ்துவைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை, காம்பஸைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கம் திசை பார்க்க இயற்கையாகவே வசதியான இடம். காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். பூமியின் காந்தக் கோடுகள் இங்கே ஏறக்குறையத் தரைக்கு இணையாக ஓடுவதால், திசை காட்டும் பகுதி முழுதாகக் கிடைக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் தமிழ்நாட்டில் ஓரிரு டிகிரிதான்.

தொந்தரவு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. தூணிலும் கூரையிலும் உள்ள இரும்புக் கம்பி, பீரோ, பிரிட்ஜ், இன்வெர்ட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகப் போன் கவரில் இருக்கும் காந்தப் பட்டை. பர்ஸ் மாதிரி மூடும் கவரைப் போட்டுக்கொண்டு திசை பார்க்க வந்தவர்களே அதிகம். கவரைக் கழற்றுங்கள். போனைக் கையில் பிடித்து எட்டு போடுவது போல நான்கைந்து தடவை சுழற்றுங்கள். பிறகு வெளியே, வண்டியையும் கேட்டையும் விட்டுத் தள்ளி நின்று, மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே வந்தால் நம்பலாம். ஐந்து டிகிரிக்குள் வேண்டும் என்றால் போன் வேண்டாம். தரையில் ஒரு குச்சி நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, காலையிலும் மாலையிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். ஸ்தபதிகள் காலங்காலமாகச் செய்த வேலை. இரும்பு எதுவும் அதைக் கெடுக்காது.

தொழுகைத் திசை பார்க்கும் ஆப்களுக்கும் இதே பதில்தான். சென்னையிலிருந்து மக்காவின் திசை நேர் மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆப்பின் கணக்கு சரியாகவே இருக்கும்; அதைக் காட்டும் முள்தான் இரும்புக்கு இழுபடும்.

செல்ஃப் மாட்டணும், டைல்ஸ் போடணும். லெவல் ஆப் போதுமா?

படம் மாட்ட, வாஷிங் மெஷின் நேராக நிற்கிறதா என்று பார்க்கப் போதும். டைல்ஸுக்குப் போதாது. ஒரு டிகிரி பிழை என்றால் ஒரு மீட்டருக்கு 17 மில்லிமீட்டர். பாத்ரூம் தரைக்குத் தண்ணீர் ஓட விடும் வாட்டமே பெரும்பாலும் மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் அளவுதான். போனின் பிழை மொத்த வாட்டத்தையும் விழுங்கிவிடும், தண்ணீர் கதவுப் பக்கம் திரும்பும். கொத்தனாரின் ரசமட்டமும் தண்ணி டியூபும் இருக்கும்போது போனை நீட்டாதீர்கள்.

செல்ஃபுக்குப் போன்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. கேமரா மேடு பின்னால் துருத்திக்கொண்டிருப்பதால் படுக்க வைக்காமல், கவரைக் கழற்றி, நீளமான ஓரத்தில் நிற்க வையுங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே இடம் வலம் மாற்றித் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். ஒரு தடவை வலப்பக்கம் 0.9 சாய்வு, மறு தடவை வலப்பக்கம் 0.3 சாய்வு என்றால் உண்மையான சாய்வு இரண்டின் சராசரி, 0.6. மீதி 0.3 உங்கள் போனின் சொந்தப் பிழை. எப்போதும் ஒரே பக்கம் இருக்கும் பிழையைக் கழித்துவிடலாம் என்று முன்பு சொன்னது இதுதான்.

நிலத்தைச் சுத்தி நடந்தா ஆப் சென்ட் கணக்கு சொல்லுது. அதை வெச்சு பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட பேசலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு கிரவுண்டு மனை 40-க்கு 60 அடி, மொத்தம் 2,400 சதுர அடி. ஒவ்வொரு பக்கமும் வெறும் 5 அடி கூடக் காட்டினாலே 45-க்கு 65, அதாவது 2,925 ஆகிவிடும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி; ஒரு சென்ட்டுக்கும் மேல் காற்றிலிருந்து வந்துவிட்டது. 5 அடி என்பது ஜிபிஎஸ் பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணை நம்பி வேலி பிடுங்கினால் முடிவது கோர்ட்டில்.

பல ஏக்கர் தோட்டத்துக்கு உழவுக் கூலியும் உரமும் தோராயமாகக் கணக்குப் போட ஆப் நன்றாகவே உதவும். நிலம் பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் வரும் பிழை மொத்தத்தில் சிறிதாகிவிடுகிறது. எல்லை என்று வந்தால் முறைப்படி விண்ணப்பித்துப் பணம் கட்டி, அரசு சர்வேயரை வைத்து, புலப்படத்தை (நிலத்தின் அளவுகள் குறித்த அரசு வரைபடம்) கொண்டு அளக்க வேண்டியதுதான். அவர்கள் கொண்டுவரும் புதிய ஜிபிஎஸ் கருவிகள் சென்டிமீட்டர் கணக்கில் அளப்பவை. பெயர் ஒன்றாக இருப்பதால் போனில் இருப்பதும் அதுவும் ஒன்றாகிவிடாது.

மெரினாவில நின்னேன், உயரம் மைனஸ் 80-க்கும் கீழ காட்டுது. கடலுக்கு அடியிலயா இருக்கேன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதில் போனின் பிழை கொஞ்சம்தான். ஜிபிஎஸ் உயரத்தை கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியை ஒழுங்கான, சற்றுத் தட்டையான உருண்டையாகக் கற்பனை செய்து அந்தப் பரப்பிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. கற்பனைப் பரப்பைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்வு. அதன் சரிவில்தான் தமிழ்நாடும் இருக்கிறது. சென்னையில் எண்பது தொண்ணூறு மீட்டர் தாழ்வு வரும். சில ஆப்கள் இதைத் திருத்திக் காட்டும், சில அப்படியே பச்சையாகக் காட்டும். உங்களுடையது இரண்டாவது வகை.

திருத்திய பிறகும் உயரத்தில் வரும் பிழை, இடத்தில் வரும் பிழையைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பாரோமீட்டர் இருக்கிற போன் வாங்கினேன். மேசையை விட்டு நகரவே இல்லை, சாயங்காலம் வீடு 25 மீட்டர் உயர்ந்திருக்கு!

உயரே போனால் காற்றழுத்தம் குறையும், சுமார் 8 மீட்டருக்கு ஒரு ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). போன் அதைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடுகிறது. ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் மூன்று ஹெக்டாபாஸ்கல் அளவு. கணக்குப் போட்டால் உங்கள் 25 மீட்டர் வந்துவிடுகிறது. சென்சார் அருமையாக வேலை செய்கிறது, ஆப்தான் காற்றின் ஏற்ற இறக்கத்தைக் கழிக்கவில்லை. மாடிப்படி ஏறியதை எண்ணுவதற்கு இந்தச் சென்சார் மிக நல்லது, ஏனென்றால் ஒரு நிமிடத்துக்குள் வானிலை மாறாது.

போன் பேசும்போது திரை அணையாம கன்னம் பட்டு கட் ஆகுது.

சென்சாருக்கு மேல் ஒட்டிய ஸ்கிரீன் கார்டு கண்ணாடியை முதலில் எடுத்துப் பாருங்கள். பாதி புகார்கள் அதிலேயே தீரும்.

பேட்டரி 15 சதவீதம் காட்டிட்டே பட்டுனு அணைஞ்சுடுது. இதுவும் சின்னப் பிழைதானா?

இது வேறு கதை. சதவீதம் என்பது நேரடியாக அளக்கப்படுவதில்லை. உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம், வோல்டேஜ், சூடு ஆகியவற்றை வைத்துப் போடும் ஊகம். பேட்டரி பழசானால் அதன் உள்தடை கூடும். கேமராவோ வீடியோ காலோ திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். 3 சதவீதம் முன்னே பின்னே என்றால் விட்டுவிடலாம். 15-ல் அணைந்தால் பேட்டரி மாற்றும் நேரம். ராத்திரிப் பயணத்தில் கைவிடும் பிழை சின்னப் பிழை இல்லை.

ஜுரம், பிபி, ஆக்சிஜன் எல்லாம் பார்க்கிற ஆப் இருக்கே?

நாடித்துடிப்பு மட்டும் ஓரளவு நம்பலாம். விரலைக் கேமராமேல் வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் சிவப்பு கூடிக் குறையும். அதை எண்ணுவது நேரக்கணக்கு. நேரக்கணக்கில் போன் கெட்டி. ஆக்சிஜன் அப்படி இல்லை. ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் செலுத்தி ஒப்பிடுகிறது. போனில் இருப்பது வெள்ளை ஃப்ளாஷ், கேமராவிலோ அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி. தனிச் சென்சார் வைத்துவந்த சில பழைய சாம்சங் மாடல்கள் தவிர, மற்றதில் வரும் எண் வெறும் எண்தான். கொரோனா காலத்தில் இப்படி நிறைய ஆப்கள் சுற்றின.

பெரும்பாலான போன்களில் உடல் வெப்பம் அளக்கும் சென்சாரே கிடையாது. 2023-ல் வந்த பிக்சல் 8 ப்ரோ போன்ற ஓரிரண்டு விதிவிலக்கு. விரலைத் திரையில் வைத்தால் 98.6 என்று சொல்லும் ஆப்பை அழித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கேமராவில் விரல் வைத்துச் சொல்லும் பிபிக்கும் இதே பதில்.

தெருமுனையில ஸ்பீக்கர் போட்டு அலறவிடறாங்க. ஆப்ல 82 டெசிபல் காட்டுது. இதை வெச்சு புகார் கொடுக்கலாமா?

புகார் கொடுங்கள், எண்ணைச் சாட்சியாக நம்பாதீர்கள். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. அதிகச் சத்தம் வந்தால் தானே அடக்கிக்கொள்ளும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் ஐபோனுக்கு வெளியிட்ட ஆப் இரண்டு டெசிபலுக்குள் சரியாகக் காட்டும் என்கிறார்கள், ஆனால் அது சோதித்துச் செய்தது. கண்ட ஆப் 10 டெசிபல் வரை தள்ளிப் போகும். 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு.

இன்னொரு பக்கம் பாருங்கள்: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி எல்லை 45 டெசிபல். உங்கள் ஆப் பத்து தப்பாக இருந்தாலும் 72. எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு தாண்டினார்கள் என்று எழுதுவது அதிகாரிகளின் முறையான கருவி வேலை.

கீழ விழுந்துச்சு. சென்சார் உள்ள ஆடிப் போயிருக்குமா?

பெரும்பாலும் கண்ணாடிதான் போகும். உள்ளே இருக்கும் அந்த எடைக்கட்டி அவ்வளவு லேசானது, அதிர்ச்சியைத் தாங்கிவிடும். உண்மையில் கெட்ட சென்சார் கொஞ்சமாகத் தப்புக் காட்டுவது அபூர்வம். எண் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், அல்லது பூஜ்ஜியம், அல்லது திரை திரும்பவே திரும்பாது. அப்படி இருந்தால் கடைக்கு வாருங்கள். காம்பஸ் எட்டு டிகிரி வித்தியாசம் என்று வந்தால் கவரைக் கழற்றித் தருவேன், காசு வாங்க மாட்டேன்.

இவ்வளவு தோராயமான சென்சாரை வெச்சு பூகம்ப எச்சரிக்கை எப்படிக் கொடுக்கிறாங்க?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். கூகுளின் ஆண்ட்ராய்டு நிலநடுக்க எச்சரிக்கை 2020-ல் தொடங்கி, 2023-ல் இந்தியாவுக்கும் வந்தது. சார்ஜில் போட்டு அசையாமல் கிடக்கும் போன்களின் ஆக்சலரோமீட்டர்கள்தான் அதன் காதுகள். உங்கள் போன் 9.70, பக்கத்து வீட்டுப் போன் 9.90 என்று காட்டுவது இங்கே தடையே இல்லை, ஏனென்றால் அது தேடுவது மாற்றத்தை. ஒரு போன் ஆடினால் யாரோ மேசையை இடித்திருப்பார்கள் என்று விட்டுவிடும். ஒரே ஊரில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அலை பரவும் வேகத்தில் ஆடினால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேசையை இடித்திருக்க முடியாது. தனித்தனியாக அலையும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், நிலத்தின் அசைவு மட்டும் மிஞ்சும்.

இந்த வசதி வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதியில் நிலநடுக்க எச்சரிக்கை ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நெட்டும் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும்.